கூரையில்லாத காரில் துளசி

மூன்று மாதமாகத் துளசி அந்தக் காரைக் கழுவினாள், துடைத்தாள், அதன்மேல் பூனை படுக்காமல் விரட்டினாள். ஒரு நாள்கூட உள்ளே ஏறி உட்காரவில்லை.

கார் அவர்களுக்கு வந்து சேர்ந்ததே ஒரு தனிக் கதை. அவள் கணவன் யுகேந்திரன் ஈப்போவில் லோக் என்ற சீன முதலாளியிடம் பத்தொன்பது வருடம் டிரைவராக இருந்தார். மனைவி இறந்த பிறகு லோக்குக்கு ஊர் கசந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளோடு போய் இருக்க முடிவு செய்து வீட்டை விற்றார், பெரிய காரை விற்றார். கொட்டகையில் துணிபோட்டு மூடிவைத்திருந்த சின்ன சிவப்புக் காரின் சாவியை மட்டும் யுகேந்திரன் கையில் வைத்து, "இத்தனை வருசம் இதைப் பார்த்துக்கிட்டது நீதான். நீயே வெச்சுக்க" என்று மலாய் மொழியில் சொல்லிவிட்டு விமானம் ஏறினார்.

ஜப்பான் கார். வயது முப்பதைத் தாண்டியது. இரண்டே இருக்கை. தலைக்கு மேலே இரும்புக் கூரை கிடையாது, துணிக் கூரைதான். இரண்டு கொக்கியை விடுவித்துப் பின்னால் தள்ளினால் குடை மடங்குவதுபோல் மடங்கிக்கொள்ளும். அப்புறம் வானம்தான் கூரை.

யுகேந்திரனுக்கு ஐம்பத்து நாலு வயது. ஆறடி உயரம். தென்னைமரத்துக்குச் சட்டை போட்ட மாதிரி இருப்பார். இத்தனை வருடமும் அடுத்தவர் மனைவி மக்களைப் பின்சீட்டில் வைத்து ஓட்டியவர். இப்போது தன் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்து, துணியை மடக்கிவிட்டு, லூமுட் வரை கடல்காற்று வாங்கப் போகவேண்டும் என்பது அவர் ஆசை. பெரிய ஆசை என்று சொல்ல முடியாது.

"நீங்க அதுல போங்க. நான் பஸ்ஸில வாரேன்" என்றாள் துளசி.

அப்படியே ஒரு முறை நடந்தும்விட்டது. கோப்பெங்கில் ஒரு கல்யாணம். சிம்பாங் பூலாயில் தங்கள் வரிசை வீட்டிலிருந்து இருவரும் ஒரே நேரத்தில்தான் கிளம்பினார்கள். அவள் பட்டுச்சேலையோடு பஸ் ஏறினாள். அவர் சிவப்புக் காரில் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஊர்ந்து போனார். கோப்பெங்கில் அவள் இறங்கும்போது கதவருகே நின்று பையை வாங்கிக்கொண்டார். கல்யாண வீட்டில் சிரிக்காத ஆள் இல்லை. யுகேந்திரனும் கூடவே சிரித்தார். அவருக்குக் காரணம் தெரியும்.

துளசி பிறந்தது கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். அவளுக்குப் பத்து வயதானபோது, பக்கத்துத் தோட்டத்துத் திருவிழாவுக்கு ஒரு லாரி ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. பின்னால் கூண்டு கிடையாது. பக்கப் பலகை மட்டும். அவள் அப்பா கார்த்திகேசு மகளைப் பலகையோரம் உட்காரவைத்துவிட்டு, காற்று அடிக்காமல் அவளை மறைத்துக்கொண்டு நின்றார். மழையில் ஊறிய செம்மண் சாலை ஒரு திருப்பத்தில் சரிந்தது. லாரி ஒரே ஒரு முறைதான் புரண்டது. துளசி லாலாங் புல்லில் போய் விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அப்பா லாரிக்கு அடியில். முன்னால் மூடிய அறைக்குள் இருந்த டிரைவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கி வந்தார். அவர் சட்டை கசங்கவில்லை.

அந்தச் சட்டை துளசிக்கு மறக்கவில்லை. தலைக்கு மேல் ஒன்று இருந்தவன் பிழைத்தான், இல்லாதவர் போனார். பத்து வயதில் அவள் போட்ட கணக்கு அது. பிறகு மாற்றிப் போடவில்லை. மோட்டார் சைக்கிளில் ஏறமாட்டாள். லாரியின் பின்னால் கால் வைக்கமாட்டாள். பஸ், அல்லது நாலு பக்கமும் மூடிய கார். கல்யாணமான முதல் மாதமே இதைக் கணவனிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அவரும் அதைப் பற்றித் திரும்பப் பேசியதில்லை.

ஆனால் யோசித்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது. ஒரு மாலை தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார்:

"அதுக்கு ஒரு வழி இருக்கு, துளசி."

"எதுக்கு?"

"காருக்கு. ரோல் பார்னு ஒண்ணு. தடிச்ச இரும்புக் குழாயை வளைச்சு, நம்ம சீட்டுக்குப் பின்னால நிறுத்துவாங்க. பெல்ட்டு போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா, கார் புரண்டாலும் பாரம் அந்தக் குழாய் மேலதான் இறங்கும். தலை மேல இறங்காது. பினாங்குல தனேஸ்வரன்னு ஒருத்தர். இதே மாதிரி காரு வெச்சிருந்து பிரிச்சுப் போட்டுட்டாரு. அந்தக் குழாய் மட்டும் சும்மா கிடக்குதாம். போல்ட்டு போட்டு மாட்டுறது. வேணாம்னா கழட்டிக்கலாம்."

துளசி கோப்பையைக் கீழே வைத்தாள். "கழட்டலாம்னா, தானா கழண்டும் போகுமில்ல?"

யுகேந்திரன் சிரிக்கவில்லை. "உன் கடையில பழைய காரு சீட்டு கழட்டுவீங்களே. அதுவும் போல்ட்டுதான். தானா கழண்டு வருதா?"

ஈப்போவில் லியாகத் அலியின் குஷன் கடையில் பதினாறு வருடமாகக் கார் சீட்டு தைப்பவள் அவள். போன வாரம்தான் ஒரு பழைய சாகா காரின் சீட்டு போல்ட்டை அசைக்க மூன்று பேர் அரை நாள் மல்லுக்கட்டினார்கள்.

"வெல்டிங் வெச்சுட்டா இன்னும் கெட்டியில்ல?"

"வெல்டிங் வெச்சா வெச்சதுதான். துணிக் கூரை கிழிஞ்சா மாத்துறதுக்கு இடம் வேணும், அதுக்கு இதைக் கழட்டணும். இன்னொண்ணு, முதலாளி குடுத்ததை நான் நிரந்தரமா மாத்த விரும்பல. எப்ப வேணும்னாலும் பழையபடி ஆக்கலாம்னு இருந்தா எனக்கு மனசு லேசு. அவ்வளவுதான் லா."

"மாட்டினா நான் ஏறுவேன்னு சொல்லல."

"நானும் கேக்கல."

இரண்டு வாரத்தில் குழாய் லாரி சர்வீசில் வந்து இறங்கியது. அட்டைப் பெட்டியைக் கிழித்துச் சுற்றியிருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் கறுப்பு வர்ணம் பூசிய பெரிய வளைவு, பின்னால் இரண்டு தாங்குகால்கள், கால்களின் அடியில் கனத்த தகடுகள், ஒரு பை நிறைய போல்ட்டும் நட்டும். மாட்டும் முறை எழுதிய தாள் மட்டும் இல்லை. எப்போதோ தொலைந்துவிட்டதாம்.

சனிக்கிழமை காலை யுகேந்திரன் வேலையை ஆரம்பித்தார். போர்ச்சில் காரின் பின்பக்கத்தைத் தூக்கித் தாங்கிகளில் நிறுத்தினார். பேட்டரி ஒயரைக் கழற்றினார். சீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பளத்தைச் சுருட்டி எடுத்தபோது முப்பது வருடத் தூசியும் ஒரு சீனப் புத்தாண்டு ஆரஞ்சுத் தோலும் வெளியே வந்தன. வளைவை உள்ளே இறக்கி, நிமிர்த்தி, தகடுகளின் ஓட்டைகள் எங்கே விழுகின்றன என்று சாக்பீசால் வட்டம் போட்டார். துளையிடும் மெஷினைக் கையில் எடுத்தார்.

துளசி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "கீழ என்ன இருக்கு?" என்றாள்.

"தகரம்தான்."

"தகரத்துக்குக் கீழ?"

யுகேந்திரன் மெஷினைக் கீழே வைத்தார். குஷன் கடையில் ஊசியைக் குத்துவதற்கு முன் அடியில் கைவைத்துப் பார்ப்பது அவளுக்குப் பழக்கம். பார்க்காமல் குத்தியவர்களின் விரல்களை அவள் பார்த்திருக்கிறாள். அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்தார்.

"பெட்ரோல் டாங்கி இருக்கு" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "நேரா அதுக்கு மேலதான் வட்டம் போட்டிருக்கேன்."

பினாங்குக்காரருக்குப் படம் பிடித்து அனுப்பினார்கள். ஐந்து நிமிடத்தில் தனேஸ்வரனே கூப்பிட்டார். "அண்ணே, துளை போட்டுட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"நல்லதாப் போச்சு. இடது தகட்டை வலது பக்கம் வெச்சிருக்கீங்க. ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா ஒண்ணு இல்ல. மாத்தி வெச்சா ஓட்டை வெளிப்பக்கமா, சக்கர வளைவு ஓரமாத் தள்ளி விழும். அங்க டாங்கி கிடையாது. யாரு கண்டுபிடிச்சது?"

யுகேந்திரன் மனைவியைப் பார்த்தார். "வீட்டுல ஆள் இருக்கு" என்றார்.

தகடுகளை மாற்றினார்கள். இந்த முறை சாக்பீசைத் துளசி பிடித்தாள். துளையிடும் ஊசி அளவுக்கு மேல் இறங்காமலிருக்க அவர் அதன்மேல் ஒரு மரத்துண்டைச் செருகினார். ஒவ்வொரு துளை விழுந்ததும் வெட்டுவாயைத் தேய்த்து, துருப்பிடிக்காமலிருக்க வர்ணம் தடவினாள். பிறகுதான் சூசா, பெரிய சிரமம். போல்ட்டு மேலிருந்து இறங்குகிறது, நட்டு கீழே ஏறவேண்டும், நடுவில் பாரத்தைப் பரப்பும் தகடு. ஒரே ஆள் மேலேயும் கீழேயும் இருக்க முடியாது.

"கொஞ்சம் கீழ வந்து நட்டைப் பிடிக்கிறியா?"

அவள் தாங்கிகளை இரண்டு தடவை உலுக்கிப் பார்த்தாள். கைலியைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு, அட்டையை விரித்து, அடியில் நகர்ந்து போனாள். தலைக்கு மேல் காரின் வயிறு. பெட்ரோல், மண், பழைய எண்ணெய் வாசனை. ஸ்பேனரை நட்டில் கவ்வக்கொடுத்தாள். மேலே அவர் முறுக்க முறுக்க, இந்த முனையில் அவள் மணிக்கட்டு அதைத் தாங்கியது. ஒரு போல்ட்டு இறுகி நிற்கும் அந்தக் கணம் இரும்பு வழியாக அவள் தோள் வரை வந்தது. எட்டாவது போல்ட்டு முடிந்ததும் வெளியே வந்து, வளைவின் உச்சியை இரண்டு கையாலும் பிடித்துத் தன் முழுப் பாரத்தையும் போட்டு இழுத்தாள். கார்தான் ஆடியது. குழாய் அசையவில்லை.

"இப்ப ஒரு துடைப்பக் குச்சி வேணும்" என்றார் யுகேந்திரன். தனேஸ்வரன் சொல்லிக்கொடுத்த சோதனை அது. வளைவின் உச்சியிலிருந்து முன்கண்ணாடிச் சட்டத்தின் உச்சிக்கு நேராக ஒரு குச்சியை வைக்கவேண்டும். உட்கார்ந்திருப்பவரின் தலை அந்தக் குச்சிக்குக் கீழே இருந்தால் சரி. கார் கவிழ்ந்தால் தரை வந்து நிற்கும் கோடு அதுதான்.

"நீ உக்காரு. நான் குச்சி வெக்கிறேன்."

துளசி கதவைத் திறந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று உறைத்தது. ஆனால் போர்ச்சின் கூரை மேலே இருந்தது, காரும் தாங்கிகளின் மேல் நின்றது. இறங்கவில்லை. குச்சிக்கும் அவள் கொண்டைக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது.

"போலே, தாராளமா ஆகும்" என்றார் அவர், முகமெல்லாம் மலர்ந்து. "ரொம்பவே போதும்."

"இப்ப நீங்க."

"எனக்கு எதுக்கு?"

"உக்காருங்க."

அவர் தன் நீளக் கால்களை மடக்கி உட்கார்ந்தார். துளசி குச்சியை வைத்தாள். அது இரண்டு முனையிலும் படியவில்லை; நடுவில் அவர் உச்சந்தலையில் ஏறி நின்றது. முன்பக்கம் இரண்டு விரற்கடை தூக்கிக்கொண்டிருந்தது.

"எனக்குப் பரவாயில்ல" என்றார். "உனக்குச் சரியா இருக்கில்ல. அதுக்குத்தானே மாட்டினது."

துளசி குச்சியை எடுக்கவில்லை.

"அன்னிக்கும் எனக்குச் சரியாத்தான் இருந்துச்சு" என்றாள். "நான் புல்லுல விழுந்தேன். எனக்கு ஒண்ணும் ஆகல. அப்பா இல்லாம, நான் மட்டும் பிழைச்சு என்ன செஞ்சேன்னு நினைக்கிறீங்க?"

அவள் பயம் அவளுடைய சொந்த உயிரைப் பற்றியது என்றே இருபத்தாறு வருடமாக யுகேந்திரன் நினைத்திருந்தார். காரிலிருந்து மெதுவாக இறங்கி, அவள் கையிலிருந்து குச்சியை வாங்கிச் சுவரில் சாய்த்தார். "சரி. இதை ஓட்ட வேணாம்" என்றார்.

"ஓட்ட வேணாம்னு யாரு சொன்னது? சீட்டைக் கழட்டுங்க."

திங்கட்கிழமை காலை டிரைவர் சீட்டு குஷன் கடைக்குப் போனது. லியாகத் அலி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "என்னம்மா இது, பொம்மைக் கார் சீட்டா?"

"எங்க வீட்டுக்காரர் சீட்டு, பாய். மூணு விரற்கடை, முடிஞ்சா நாலு, கீழ இறக்கணும்."

"ஸ்பாஞ்சை வெட்டிட்டா இறங்கிடும்."

"வெட்டிட்டா இடுப்பு போயிடும். இத்தனை வருசம் ஸ்டீரிங் பிடிச்ச இடுப்பு."

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உறையைப் பிரித்தாள். பழைய ஸ்பாஞ்சு பழுத்துப்போய் விரலில் மாவாக உதிர்ந்தது. மொத்தத்தையும் எடுத்துவிட்டு, மெல்லிய கெட்டி ஸ்பாஞ்சை அடுக்கி, உட்காரும் எலும்புகள் இரண்டும் இறங்குவதற்குக் குழி வெட்டினாள். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினால் தலை சரியாக இறங்கியது, ஆனால் முழங்கால் ஸ்டீரிங்கில் இடித்தது. மறுநாள் திரும்பவும் பிரித்தாள். தொடைப் பக்கம் சரித்து, பின்பக்கத்தை இன்னும் இறக்கினாள். மூன்றாம் நாள் லியாகத் அலியே ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவள் வெட்டுவதைப் பார்த்தார்.

வளைவின் மேல் சுற்றுவதற்கு அவர் மெத்தென்ற ஸ்பாஞ்சு ஒன்றை எடுத்து வந்தார். "தலை இடிச்சா நோகாம இருக்கும்ல?" துளசி அதை மேஜையில் வைத்து முட்டியால் குத்தினாள். முட்டி மேஜையில் டக்கென்று இடித்தது. "இது தலையை நேரா இரும்புக்கிட்ட கொண்டுபோய் விட்டுடும், பாய்." செருப்பு அடியைப் போலக் கெட்டியான வேறொன்றைத் தேடி எடுத்து, அதைச் சுற்றிக் கறுப்பு ரெக்சினில் தைத்தாள். தையல் நேராக வந்தது. தனக்குப் பிடித்ததற்குத் தைக்கும்போது எப்போதும் அப்படித்தான் வரும்.

வெள்ளிக்கிழமை மாலை மறுபடி குச்சி வைத்தார்கள். யுகேந்திரன் தலைக்கும் குச்சிக்கும் நடுவே துளசி இரண்டு விரலைப் படுக்கையாக நுழைத்தாள். நுழைந்தது. மூன்றாவது விரலையும் நுழைத்தாள். அதுவும் தாராளமாக நுழைந்தது.

"இடுப்பு?"

"முதலாளி வீட்டு சோபா மாதிரி இருக்கு."

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கிளம்பினார்கள், துணிக் கூரை மூடியபடியே. பெல்ட்டை அவள் இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். பத்து காஜா ஊர் தாண்டியது, போத்தா தாண்டியது. கூரையைத் திறக்கலாமா என்று அவர் கேட்கவில்லை. ஆயர் தாவாருக்கு முன்னால் இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் நிழல் கொடுக்கும் நீளச் சாலை ஒன்று வந்தது.

"நிறுத்துங்க" என்றாள்.

அவர் ஓரம் கட்டினார். அவள் இறங்கப்போகிறாள் என்றுதான் நினைத்தார்.

"திறங்க."

கொக்கிகளை விடுவித்துத் துணியை மடக்கினார். மெல்லப் புறப்பட்டார். முதல் கிலோமீட்டர் முழுக்கத் துளசி கண்ணை மூடியிருந்தாள். ஒரு கை கதவில், ஒரு கை அவர் சட்டையில். எதிரே ஒரு லாரி இரைந்துகொண்டு கடந்தபோது மூச்சை அடக்கிக்கொண்டாள். காற்று வந்து அடித்து, போனது. ஒன்றும் ஆகவில்லை. கண்ணைத் திறந்தாள். தலைக்கு மேல் செம்பனை மட்டைகள் ஓடிக்கொண்டிருந்தன, அதற்கும் மேலே வெளிறிய நீலம். திரும்பிப் பார்த்தாள். வளைவு அதன் இடத்தில் நின்றது.

"மெதுவாப் போகணுமா?" என்றார்.

"சட்டப்படி போங்க, போதும்."

லூமுட்டில் படகுத்துறைப் பக்கம் பொரித்த மீனும் சோறும் சாப்பிட்டார்கள். பங்கோர் தீவுப் படகு இரண்டு போய் வருவதைப் பார்த்தார்கள். அவள் அப்பாவைப் பற்றிப் பேசினாள், விபத்தைப் பற்றியல்ல. ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போகும்போது அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு வைத்திருப்பாராம், தோட்டத்திலேயே தலை கலையாத ஆள் அவர்தானாம். யுகேந்திரன் இதைக் கேட்டதே இல்லை. வீடு திரும்பியபோது இருவர் மூக்கும் வெயிலில் கருத்திருந்தது. மறுநாள் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்கவேண்டும் என்றார் அவர். மறுநாள் மாலை அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனபோது அவளே பார்த்து முடித்திருந்தாள்.

அது நடந்து எட்டு மாதமாகிறது. நடுவில் துணிக் கூரை கிழிந்து, மாற்றுவதற்காக வளைவைக் கழற்றவேண்டி வந்தது. இருவரும் சேர்ந்து கழற்றிப் புதுத்துணி போட்டு மாட்டினார்கள். இந்த முறை அரைநாள் கூட ஆகவில்லை. தனேஸ்வரன் வழியாகச் செய்தி பரவி, இதே மாதிரி கார் வைத்திருக்கும் உயரமானவர்கள் தைப்பிங்கிலிருந்தும் பினாங்கிலிருந்தும் சீட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு குஷன் கடைக்கு வருகிறார்கள். ஜன்னலோர மேஜையை லியாகத் அலி அவளுக்கென்றே ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார். வருகிறவர்களிடம் துளசி முதலில் கேட்பது ஒன்றுதான்: பக்கத்துச் சீட்டில் உட்காருபவரின் உயரம் என்ன?

அவர்கள் வீட்டுக்கு வெளியே கிளம்பும் சாலை நேராகக் கேமரன் மலைக்கு ஏறுகிறது. வளைவும் சரிவுமான அந்தச் சாலையில் துளசி பஸ்ஸில்கூடப் போனதில்லை. இப்போது ஞாயிறுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறார்கள். அவள் போதும் என்று சொல்லும் இடத்தில் யுகேந்திரன் ஓரம் கட்டுவார். பிளாஸ்கிலிருந்து காப்பி குடித்துவிட்டுத் திரும்புவார்கள். முதல் வாரம் கல்லுடைக்கும் மலையைத் தாண்டவில்லை. போன வாரம் மூடுபனி இறங்கும் இடம் வரை போய்விட்டார்கள். காப்பி ஆறிப்போய்விட்டது, துளசிக்குக் கை விறைத்தது.

"அடுத்த வாரம் ரெண்டு பேருக்கும் கம்பளிச் சட்டை எடுத்துக்கணும்" என்றாள்.